லாரி, ரயில், கப்பல் மூன்றும் சேர்த்து அனுப்பினால் மானியம் கிடைக்குமா? கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்குக்கு டிரெய்லர் பிடிப்பது, சுங்கத்துறைக்கு ஷிப்பிங் பில் போடுவது, கப்பலில் இடம் வாங்குவது என் பிழைப்பு. பனியன் கம்பெனிக்காரர், கரூர் பெட்ஷீட்காரர், பொள்ளாச்சி தேங்காய்நார்க்காரர், நாமக்கல் லாரி ஓனர் என்று யாரைப் பார்த்தாலும் டீ ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "ரயில்ல போட்டா கவர்மென்ட் காசு குடுக்குதாமுங்க, நெசமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கூட்டுப் போக்குவரத்து என்று எதைச் சொல்கிறார்கள்?

சரக்கை ஒரு கன்டெய்னர் பெட்டிக்குள் வைத்துச் சீல் போட்டபின், பெட்டியைத் திறக்காமலே லாரியிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து கப்பலுக்கும் மாற்றி அனுப்புவது. நீண்ட தூரத்தை ரயிலோ தண்ணீரோ பார்த்துக்கொள்ளும். முதலிலும் கடைசியிலும் உள்ள கொஞ்ச தூரத்துக்கு லாரி.

பெட்டி இல்லாமல் மொத்தமாகக் கொட்டி அனுப்புவதிலும் ரயிலையும் கப்பலையும் இப்படிச் சேர்க்கலாம். நம் பக்கத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் மேட்டூர் அனல்மின் நிலையம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் நிலக்கரி ரயிலில் ஏறுகிறது, பாரதீப் துறைமுகத்தில் கப்பலுக்கு மாறுகிறது, எண்ணூரில் இறங்கி மறுபடி ரயிலேறி மேட்டூர் வருகிறது. கொங்கு நாட்டுக்குள் வரும் பெரிய கூட்டுப் போக்குவரத்துச் சரக்கு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் லாரியில் வராததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தனியார் சரக்குக்கு அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அரசு ஆவணங்களில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு டன் சரக்கைச் சாலையில் 24 கிலோமீட்டரும், ரயிலில் 85 கிலோமீட்டரும், நீர்வழியில் 105 கிலோமீட்டரும் கொண்டுபோகலாம். சாலைத் தேய்மானம், புகை, விபத்து இவையெல்லாம் லாரி வாடகைக்குள் அடங்காத செலவுகள். அவற்றை ஊர் சுமக்கிறது. அதில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் மானியத்தின் நியாயம். தேசிய ரயில் திட்டம் 2030க்குள் நாட்டின் சரக்கில் 45 சதவீதம் ரயிலுக்கு வர வேண்டும் என்று குறி வைத்திருப்பதும் இதனால்தான்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணம். மூன்றையும் சேர்த்தால் செலவு கூடும் இடம் இணைப்பில், அதாவது பெட்டியைத் தூக்கி மாற்றும் இடத்தில். இது நம் ஊர்க் கணக்கில் எப்படி விழுகிறது என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மானியம், சலுகை, தள்ளுபடி எல்லாம் ஒன்றுதானே?

கைக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடும். மானியமோ முழுச் செலவையும் நாம் செய்துவிட்டு, காகிதம் கொடுத்து, பிறகு வாங்குவது. சலுகை என்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாது. லாரிக்கும் ரயிலுக்கும் இடையே பெட்டி மாற்றும் முனையம் கட்டியவருக்கு நில வாடகை குறையும், அதில் நமக்கு எவ்வளவு இறங்கி வருகிறது என்பது அவர் மனசைப் பொறுத்தது.

ஆகவே எந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது யார் பெயருக்கு வருது?" என்பதுதான். வெளிநாட்டில் இதை விதவிதமாகச் செய்கிறார்கள். ஜெர்மனி 1998 முதல் பெட்டி மாற்றும் முனையம் கட்டுகிறவர்களுக்குக் கட்டுமானச் செலவில் பெரும்பங்கு, 80 சதவீதம் வரைகூட, கொடுத்து வந்திருக்கிறது. இத்தாலி, சாலையை விட்டுக் கடலுக்கோ ரயிலுக்கோ மாறுகிறவருக்குத் தூரத்தை வைத்துப் பணம் தருகிறது. பிரான்சில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது: ஒரு பெட்டியைக் கிரேன் ஒருமுறை தூக்கினால் இவ்வளவு என்று தூக்குக்குக் கணக்கிட்டுத் தருகிறார்கள். பெயரே 'இடுக்கிக்கு உதவி' என்பது போல வரும்.

இந்தியாவில் இப்போது என்னதான் இருக்கிறது?

ரயில் பக்கம்: 2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையில், தனியார் முனையம் கட்டினால் ரயில்வே வாங்கிக்கொண்டிருந்த துறைக் கட்டணம் கிடையாது, இணைப்புப் பாதைக்குத் தேவைப்படும் ரயில்வே நிலத்துக்கு உரிமக் கட்டணமும் கிடையாது. 2022 செப்டம்பரில் ரயில்வே நிலத்தைச் சரக்கு வேலைக்குக் குத்தகைக்கு விடும் வாடகையை, ஆண்டுக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 6 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்தார்கள், 35 ஆண்டு வரை. இரண்டும் முனையம் கட்டுகிறவருக்கானவை. நமக்கு நேரடியாக உறைப்பது கன்டெய்னர் இழுவைக் கட்டணத் தள்ளுபடிதான். 2020 ஆகஸ்டில் லோடு பெட்டிக்கு 5 சதவீதமும் காலிப் பெட்டிக்கு 25 சதவீதமும் குறைத்தார்கள். இப்படிப்பட்ட தள்ளுபடிகள் காலக்கெடு வைத்துத்தான் வரும். அனுப்புவதற்கு முன் அந்த மாதத்துச் சுற்றறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

கடல் பக்கம்: பெருந்துறைமுகங்களில் கடலோரக் கப்பலுக்கும், அதாவது இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் கப்பலுக்கும், அதன் சரக்குக்கும் கட்டணம், வெளிநாட்டுக் கப்பலுக்கு வாங்குவதில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் விதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரக்குக் கட்டணச் சலுகையிலிருந்து அனல் நிலக்கரியையும் கச்சா எண்ணெயையும் இரும்புத் தாதுவையும் விலக்கி வைத்தார்கள். மேலே சொன்ன மேட்டூர் நிலக்கரிக்கு அந்த 40 சதவீதக் கழிவு கிடையாது.

2018 மே மாதம் வந்த இன்னொரு தளர்வுக்கு மானியம் என்ற பெயர் இல்லை. ஆனால் எனக்கு அதில் மதிப்பு அதிகம். ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகளையும் காலிப் பெட்டிகளையும் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் உரிமம் இல்லாமல் ஏற்றலாம் என்று அனுமதித்தார்கள்.

ஜல்வாஹக் என்று படித்தோம். 35 சதவீதம் திரும்பக் கிடைக்குமாமே?

கிடைக்கும், நமக்கு இல்லை. 2024 டிசம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீர்வழியில் சரக்கு அனுப்பினால் மொத்த இயக்கச் செலவில் 35 சதவீதம் வரை திருப்பித் தருவார்கள். மூன்று ஆண்டுக்கு 95.42 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஆனால் அது 1, 2, 16 ஆகிய எண்ணுள்ள தேசிய நீர்வழிகளுக்கு மட்டும். அதாவது கங்கை, பிரம்மபுத்திரா, பராக்.

நம் பவானி ஆறும் தேசிய நீர்வழிதான் என்று சொன்னால் நம்புவீர்களா? 2016ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த 111 நீர்வழிகளில் அதற்கு எண் 20. பவானிசாகரிலிருந்து காவிரியில் சேரும் இடம் வரை. காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து எண் 55. கூடுதுறையில் பரிசல் போடுகிறவரிடம் போய் "அண்ணா, நீங்க தேசிய நீர்வழியில ஓட்டறீங்க" என்றால் சிரிப்பார். தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் பாசனத்துக்காக. அதில் சரக்குப் படகு ஓடும் என்று யாராவது நிலம் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் அனுப்புவது ஏன் கட்டுப்படியாகவில்லை?

இதுதான் உண்மையான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லாரியில் அனுப்பும் விதத்தை முதலில் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து காலிப் பெட்டியோடு டிரெய்லர் கிளம்புகிறது. காலையில் கம்பெனி வாசலில் பின்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. லோடுமேன்கள் அட்டைப்பெட்டிகளை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகும். கதவைச் சாத்தி மின்னணு சீல் போட்டதும் வண்டி கிளம்பிவிடும். ஏறத்தாழ 330 கிலோமீட்டர். மறுநாள் காலை துறைமுகத்தில். பெட்டி டிரெய்லரை விட்டு இறங்கவே இல்லை. துறைமுகத்துக்கு வெளியே தூக்குக் கூலி பூஜ்யம்.

இப்போது ரயில். காலிப் பெட்டி ரயிலில் வந்து, உள்நாட்டுக் கன்டெய்னர் முனையத்தில் இறங்குகிறது: ஒரு தூக்கு. அங்கே பெட்டிகளை அடுக்கி வைக்கும் அடுக்கிலிருந்து டிரெய்லருக்கு: இரண்டாவது. கம்பெனியில் லோடாகித் திரும்பி வந்து அடுக்கில் இறங்குவது மூன்றாவது. அடுக்கிலிருந்து ரயிலுக்கு நான்காவது. இதை நீங்கள் நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும். யானை மாதிரி ஒரு வண்டி, துதிக்கை மாதிரி ஒரு கை. பெட்டியின் மேல்மூலைகள் நான்கிலும் உள்ள ஓட்டைகளில் கொண்டி இறங்கித் திரும்பி 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். விளக்கு பச்சையானால்தான் தூக்கும். தூக்குகிற நேரம் ஓரிரு நிமிடம். அதற்காகக் காத்திருக்கிற நேரம் அரை நாளும் ஆகலாம்.

கணக்கு புரிவதற்காக நானே சில எண்களை வைக்கிறேன். இவை சந்தை விலை அல்ல. லாரி வாடகை மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வழியில் இழுவை 60, கம்பெனிக்கும் முனையத்துக்கும் நடுவே லாரி 22, தூக்குக் கூலிகள் 15, அடுக்கு வாடகையும் காத்திருப்பும் 8. கூட்டினால் 105. இழுவையில் 5 சதவீதம் கழித்தால் 3 குறையும், 102 ஆகும். இன்னும் லாரிதான் சல்லிசு. அரசு அந்த 3க்குப் பதிலாக 7.5 போட்டுத் தூக்குக் கூலியில் பாதியைக் கொடுத்திருந்தால் 97.5 ஆகியிருக்கும். தூரம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் தூக்குக் கூலி கணக்கிலேயே தெரியாது. நமக்குத் துறைமுகம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் இருப்பதுதான் வரமும் சாபமும்.

இன்னொரு முடிச்சு காலிப் பெட்டி. திருப்பூரும் கரூரும் வெளியே அனுப்புகிற அளவுக்கு உள்ளே பெட்டி வருவதில்லை. இறக்குமதி இயந்திரம், சாயப் பொருள் என்று கொஞ்சம் வரும். மீதிக்குக் காலிப் பெட்டியைக் கடற்கரையிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். லாரிக்காரர் சொல்லும் வாடகைக்குள் இந்தக் காலி நடை ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அதனால் லோடு பெட்டிக்குக் கொடுத்த 5 சதவீதத்தைவிடக் காலிப் பெட்டிக்குக் கொடுத்த 25 சதவீதம்தான் நம் ஊருக்குப் பெரிய விஷயம்.

ரேக் நிறைய வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

ரேக் என்றால் ஒரு முழுச் சரக்கு ரயில். ஒரு கன்டெய்னர் ரயிலில் வழக்கமாக 45 வேகன். இருபதடிப் பெட்டியாக எண்ணினால் 90. அத்தனையும் ஒரே துறைமுகத்துக்கு, ஒரே நாளில் சேர்ந்தால் ரேக் ஓடும். பனியன் வியாபாரத்தில் கிறிஸ்துமஸ் சரக்குக்கு ஒரு வேகம், மற்ற மாதங்களில் ஒரு வேகம். எல்லா வாரமும் 90 சேராது.

இதில் எனக்கே ஓர் அடி விழுந்திருக்கிறது. சில வருஷம் முன்பு ஒரு நாற்பதடிப் பெட்டியை, மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, வெளியூர் முனையம் ஒன்றின் வழியாக ரயிலில் போட்டேன். ஞாயிறு கிளம்பும் என்றார்கள். ரேக் நிறையவில்லை. திங்கள், செவ்வாய். புதன்கிழமை கப்பலின் கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் பெட்டி கொடுக்கக் கடைசி நேரம். செவ்வாய் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த முனைய வாசலில் நின்று, பெட்டியைத் திரும்ப இறக்கி டிரெய்லரில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஏற்றினார்கள், அதற்கும் தூக்குக் கூலி வாங்கிக்கொண்டு. துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கதவடைத்துவிட்டது. பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஒரு விமான வாடகையை ஈடுகட்ட எத்தனை ரேக் தள்ளுபடி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பார்ட்டி இன்றைக்கும் என்னோடுதான் தொழில் செய்கிறார், ஆனால் ரயில் என்ற வார்த்தையை எடுத்தால் காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்.

கொச்சி பக்கம்தானே, அங்கே போகலாமே?

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கொச்சி நன்றாகவே ஒத்து வரும். வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் திறந்தது. அதற்காக இடப்பள்ளியிலிருந்து 8.86 கிலோமீட்டர் புது ரயில் பாதை போட்டார்கள். அதில் வேம்பநாட்டுக் காயலின் மேல் செல்லும் பாலம் மட்டும் 4.62 கிலோமீட்டர். அரசு மானியம் என்றாலே காசோலை என்று நினைக்காதீர்கள். இந்தப் பாலமும் ஒரு மானியம்தான்.

ஆனால் இருகூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் போகும் தூரம் கொஞ்சம். வாளையார்ப் பகுதியில் யானைக்காக வேகத்தையும் குறைக்க வேண்டும். லாரிக்குக் குதிரான் சுரங்கம் திறந்தபின் அந்த மலையேற்றமும் போய்விட்டது. இவ்வளவு கொஞ்ச தூரத்தில் ரயில் ஜெயிப்பது கஷ்டம்.

ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டுக் கூட்டுப் போக்குவரத்துச் சட்டத்தை இங்கே வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. அதன்படி ரயில் அல்லது நீர்ப் பகுதி, நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வரும் லாரிப் பகுதி 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். கொச்சியை நடுவில் வைத்து வட்டம் போட்டேன். கோவை உள்ளே விழுகிறது. திருப்பூர் வெளியே நிற்கிறது.

நாம் அனுப்புவதை விடுங்கள், நமக்கு வருகிற சரக்கு?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. குஜராத் பருத்தியும் மோர்பி டைல்ஸும் கடலோரக் கப்பலில் கன்டெய்னராக வந்து, கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இறங்கி, லாரியில் நம் ஊருக்கு வருகின்றன. புது வீட்டுத் தரையில் நீங்கள் மிதிக்கிற டைல்ஸ் ஒருவேளை கப்பலேறி வந்ததாக இருக்கலாம். இங்கே தூரம் அதிகம், கனம் அதிகம், அவசரம் குறைவு. கூட்டுப் போக்குவரத்துக்குப் பொருத்தமான சரக்கு என்றால் இதுதான். துறைமுகக் கட்டணக் கழிவும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பெட்டி இங்கே காலியாவதில் இன்னொரு லாபம், அதையே ஏற்றுமதிக்குப் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கப்பல் லைன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சில சமயம் ஒத்துக்கொள்வார்.

நாமக்கல் கோழிப்பண்ணைக்கு வரும் மக்காச்சோளமும் அப்படித்தான். சேலம்–நாமக்கல்–கரூர் பாதை 2013இல் திறந்தபின் தீவன ரேக்குகள் ஊருக்குப் பக்கத்திலேயே இறங்குகின்றன.

மானியம் கொடுத்து ரயிலுக்கு இழுத்தால் லாரிக்காரன் பிழைப்பு என்னாவது?

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இந்தக் கேள்வியில் கோபமும் இருக்கும். நியாயம்தான். ஆனால் கூட்டுப் போக்குவரத்தில் இரண்டு முனையிலும் லாரி வேண்டும். ஜெர்மனியில் முனையத்துக்குப் பெட்டி கொண்டுவரும் லாரிக்குச் சாதாரணமாக அனுமதிக்கும் 40 டன்னுக்குப் பதிலாக 44 டன் ஏற்ற அனுமதி உண்டு, வண்டி வரியிலும் விலக்கு உண்டு. அதாவது மானியத்தின் ஒரு பங்கு லாரிக்காரருக்கே போகிறது. நம் சங்கங்கள் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

லாரியையே ரயிலில் ஏற்றும் முறையும் நம் நாட்டில் புதிதல்ல. கொங்கண் ரயில்வே 1999 ஜனவரி 26 முதல் மகாராஷ்டிராவின் கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே லோடு லாரிகளைத் தட்டை வேகனில் ஏற்றிக் கொண்டுபோகிறது. டிரைவரும் கிளீனரும் கேபினிலேயே உட்கார்ந்து போவார்கள். மலைப்பாதையில் கியர் மாற்றி மாற்றிக் கை வலித்த டிரைவர், காலை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டே போகலாம். 2020 ஆகஸ்டில் பெங்களூரு அருகே நெலமங்கலாவிலிருந்து சோலாப்பூர் அருகே பாலே வரை இதே மாதிரி ஒரு சேவை தொடங்கினார்கள், 682 கிலோமீட்டர். வடக்கே போகிற நாமக்கல் வண்டிகளுக்கு நேர் வழி. மின்கம்பி உள்ள பாதையில் லாரியின் உயரம்தான் தொல்லை. நம் ஊர் லாரி பாடிக்கு மேலே தார்ப்பாய் மூட்டை கட்டினால் அளவு தாண்டிவிடும்.

தேங்காய், முட்டை, மஞ்சளுக்கு ஏதாவது?

இருந்தது. 2019 மார்ச்சில் வேளாண் பொருள் ஏற்றுமதிக்குச் சரக்குக் கட்டண உதவி என்று ஒரு திட்டம் வந்தது. போகும் நாட்டைப் பொறுத்துப் பெட்டிக்கு இவ்வளவு என்று தந்தார்கள், 2021இல் கடல் வழிக்கு 50 சதவீதம் உயர்த்தவும் செய்தார்கள். 2022 மார்ச் 31 ஓடு முடிந்தது. 2020இல் தொடங்கிய கிசான் ரயிலில் காய்கறி, பழங்களுக்கு வாடகையில் 50 சதவீத மானியம் கொடுத்தார்கள். முட்டைக்குக் குளிர் கன்டெய்னர் வேண்டும், ரயிலில் அதற்கு வழிநெடுக மின்சாரம் வேண்டும். அதனால் நாமக்கல் முட்டை இன்னும் கொஞ்ச காலம் லாரியில்தான் போகும்.

ஏற்றுமதிச் சலுகைக்குள் போக்குவரத்துச் செலவு வருமா?

ஆடைக்கும் வீட்டுத் துணிக்கும் 2019 முதல் இருக்கும் மாநில, மத்திய வரித் திரும்பப்பெறும் திட்டத்தின் விகிதத்துக்குள், சரக்குப் போக்குவரத்துக்குப் பயன்பட்ட டீசல் மீதான மாநில வரியும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் தெரியாமலே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ரயிலில் அனுப்பினாலும் லாரியில் அனுப்பினாலும் அதே விகிதம்தான். ஆகவே யாரையும் ரயிலுக்கு மாற்றாது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்தில் உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவதும் ஓர் உறுப்பு. அதன் நோக்கங்களில் ஒன்று, இதுவரை அதிகம் ஏற்றுமதி செய்யாத மாவட்டங்களைத் தூக்கிவிடுவது. திருப்பூர் என்ற பெயரைப் பார்த்ததும் யாரும் பின்தங்கிய மாவட்டம் என்று நினைக்க மாட்டார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் தகுதிப் பட்டியலில் உங்கள் மாவட்டத்தைத் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இந்த மானியங்கள் வேலை செய்தனவா?

பாதிக்குப் பாதி. சுவிட்சர்லாந்து இதில் கெட்டி. 1994இல் மக்களே ஓட்டுப் போட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சரக்கு ரயிலுக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2001 முதல் கனரக லாரிக்கு எடை, தூரம், புகை மூன்றையும் வைத்து வரி. அந்தப் பணத்தில் பெரும்பங்கைச் சுரங்கம் தோண்டப் போட்டார்கள். 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கம் 2016இல் திறந்தது. 2000இல் ஆண்டுக்கு 14 லட்சமாக இருந்த லாரிகள் இப்போது 9 லட்சத்துக்கு மேல். சட்டம் வைத்த குறி 6.5 லட்சம், அது இன்னும் எட்டவில்லை. லாரியை ரயிலில் ஏற்றும் அவர்களுடைய ஃப்ரைபுர்க்–நொவாரா சேவை, இத்தனை ஆண்டு மானியம் வாங்கியும், 2025 இறுதியோடு நின்றுவிட்டது.

சாலைச் சரக்கை ரயிலுக்கும் தண்ணீருக்கும் மாற்றக் காசு கொடுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மார்கோ போலோ திட்டம் இன்னொரு பாடம். 2007 முதல் 2013 வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 45 கோடி யூரோ. 2013இல் தணிக்கையாளர்கள் பார்த்தபோது, மானியம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய மாற்றத்துக்கே பணம் போயிருப்பதற்கான அறிகுறிகள் கிடைத்தன. வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படியும் வரப்போகிற மாமனுக்கு வண்டிச் சத்தம் கொடுத்த கதை.

கோவையில் பெரிய முனையம் வரப்போகிறதாமே?

நாடு முழுக்கத் திட்டமிட்ட 35 பலவழிச் சரக்குப் பூங்காக்களின் பட்டியலில் கோயம்புத்தூர் இருக்கிறது. அரசு, நிலத்தையும் வெளிச்சாலை, ரயில், மின்சாரம், தண்ணீர் இணைப்பையும் தரும். உள்ளே கட்டி நடத்துவது தனியார். தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் அமையும் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். கோவைக்கு வந்தால் கட்டாயம் நல்லது. ஆனால் உள்ளே ஒரு தூக்குக்கு என்ன கூலி என்று கேட்காமல் நான் கைதட்ட மாட்டேன்.

உங்களிடம் கேட்டால் மானியத்தை எதற்குக் கொடுக்கச் சொல்வீர்கள்?

இரண்டே இடம். உள்நாட்டு முனையத்தில் நடக்கும் தூக்குக்கு, பிரான்ஸ் மாதிரி. அப்புறம், ரேக் நிறையாவிட்டாலும் சொன்ன கிழமையில் கிளம்பும் ரயிலுக்கு, காலியாகப் போகும் வேகன்களின் இழப்பில் ஒரு பங்கு. கிழமை நிச்சயம் என்று தெரிந்தால் பெட்டி தானாக வந்து சேரும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற மானியம் கங்கைக்குப் பொருந்தும். முந்நூறு கிலோமீட்டர்க்காரர்களுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மானியமோ தள்ளுபடியோ கேட்க என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

லாரி ரசீது, ரயில் ரசீது, எடைச் சீட்டு, ஷிப்பிங் பில், சீல் எண், தூக்குக் கூலி பில். முழுப் பயணத்துக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்றால், 1993ஆம் ஆண்டுப் பலவழிப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு பெற்றவரிடம் ஒரே ஆவணமாக வாங்கலாம். அது ஏற்றுமதிக்கு மட்டும். எடைச் சீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். 2016 ஜூலை முதல் சரிபார்த்த எடை இல்லாமல் பெட்டி கப்பலேறாது. டன்–கிலோமீட்டர் கணக்குக்கும் அதே எடைதான் ஆதாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெட்டி எண். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கைவிரல் வைத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரு காகிதத்தில் 3, இன்னொன்றில் 8 என்று இருந்தால் கோப்பு திரும்பி வரும். எங்கள் ஆபீஸில் இந்த வேலையை வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்துச் செய்யக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறேன்.

எனக்கு மாசத்துக்கு அரைப் பெட்டிச் சரக்குதான். இதெல்லாம் எனக்கு எதுக்குங்க?

நேரடியாக எதுவும் வராது. ஆனால் உங்கள் அட்டைப்பெட்டிகளை மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் போடுகிறவர் எந்த வழியில் அனுப்புகிறார் என்று கேளுங்கள். ரயிலில் என்றால் தள்ளுபடியில் உங்கள் பங்கு பில்லில் எங்கே இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். முதல் தடவை முறைப்பார். மூன்றாவது தடவை, கன மீட்டருக்கு ஏதோ கொஞ்சம் குறைத்துப் புது ரேட் அனுப்புவார்.